தந்தியின் உயரம்

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் ஒழுங்காகச் சாத்த முடியாது. குருசுக்குப்பத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு அதற்காகக் குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், வெயில் வந்தால் அடங்கும். குளியலறைக் கதவை நான் காலால் உதைத்துச் சாத்துவேன், ஜெர்லின் தோளால் தள்ளிச் சாத்துவாள். கிதாரின் கழுத்தும் மரம்தான். அதனால், கடல் காற்றில் கழுத்து வளைந்து தந்தி மேலே தூக்கிக்கொண்டது என்று நான் சொன்னபோது ஜெர்லின் நம்பினாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

என் பெயர் ஜோசப் ஆனந்த். மூலக்குளத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். ஜெர்லின் என் மனைவி, ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். கிதார் வாசிப்பாள். வாசிப்பாள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், வாசித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை வைத்து என்னைப் பற்றி யாரும் ஒரு முடிவுக்கு வர வேண்டாம், நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அந்தக் கிதார் துய்மா வீதியில் ஒரு பழைய வீட்டில் கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறந்துபோக, பிரான்சிலிருந்து வந்த பிள்ளைகள் வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்ற ஏற்பாடு செய்தார்கள். கிணற்று மோட்டாரைக் கழற்ற நான் போயிருந்தேன். மோட்டார் அறையில் விறகோடு விறகாகச் சாய்ந்து கிடந்தது, ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிதார். கழுத்து உடம்பை விட்டுப் பிளந்திருந்தது. ஒயர் இருக்கவேண்டிய குழியில் எலி கூடு கட்டியிருந்தது. தந்தி என்று சொல்ல எதுவும் இல்லை, துருதான் இருந்தது. அந்த வீட்டுப் பையன் ஒருவன், வேண்டுமானால் எடுத்துப்போங்கள் என்றான். அவன் முகத்தில், குப்பைக்காரன் வேலை மிச்சம் என்ற திருப்தி தெரிந்தது.

நான் கிதார் வாசிக்கத் தெரியாதவன். காது உண்டு, கைக்கு வராது. ஜெர்லின் அப்போது கோயில் பாடற்குழுவில் ஒரு சாதாரணப் பெட்டிக் கிதாரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் அதை எடுத்து வந்தேன்.

சரிசெய்ய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்க எனக்கு மனமில்லை. அந்தச் சிவப்பின் மேலிருந்த அழுக்கை எச்சில் தொட்ட பஞ்சால் துடைத்தே எடுத்தேன், ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம்தான் முடியும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கு மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தேன். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி இருக்கும். அது அறுந்திருந்தது. தையல் மெஷின் மோட்டாரை வைத்து நானே புதிதாகச் சுற்றினேன். பாதியில் அறுந்துபோகும், அறுந்த நுனி கண்ணுக்குத் தெரியாது. ஜெர்லின் டார்ச் பிடித்துக்கொண்டு என் தோளில் தாடையை வைத்துத் தேடுவாள். கிடைத்ததும் மூச்சு விடாமல், "தோ, தோ, அசையாதீங்க" என்பாள். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, ஆம்ப்ளிஃபயரில் சொருகினோம். அவள் எல்லாத் தந்திகளையும் ஒருசேர ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அந்தச் சத்தம் தேய்ந்து மறைய நேரம் பிடித்தது. இரண்டு பேருமே அழுதோம் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். கல்யாண வரவேற்பு, காப்பிக் கடைகளில் சாயங்காலக் கச்சேரி, பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு விழா என்று அழைப்புகள் வந்தன. மேளம் வாசிக்க எங்கள் குப்பத்து அய்யப்பன், பாட சுமலதா, கீபோர்டுக்கு ஒருவர் என்று சின்னக் குழு. ஊரில் "ஜெர்லினோட செவப்பு கிதாரு" என்று பேர் வந்தது. யாராவது பாராட்டினால், எங்க வீட்டுக்காரர் செஞ்சது என்று பின்வரிசையில் நிற்கும் என்னைக் காட்டுவாள். அந்தச் சத்தத்தில் எது அவள் கை, எது என் வேலை என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் கிதாரை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள், குளிப்பாட்டக் குழந்தையைக் கொடுப்பது போல. நான் துடைத்து, தந்தியைப் பார்த்து, திருகாணிகளைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். அவள் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. அதைத் திருகுகிற எல் கீ, வளைந்த சின்னச் சாவி, என் சட்டைப் பையில்தான் இருக்கும். அவளுக்கு வாசிக்கத் தெரியும், அதன் உடம்பு எனக்குத் தெரியும்.

போன வருஷம், பிரெஞ்சு அரசின் கீழ் இருக்கிற ரெயூனியோன் தீவில் ஒரு இசை விழாவுக்கு அவர்கள் குழுவை அழைத்தார்கள். ஒரு மாதம் தங்கிப் பல ஊர்களில் வாசிக்கவேண்டும். ஜெர்லினுக்கு நாற்பத்து நாலு வயதில் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பயணம். வீட்டுக்குள் அவள் நடக்கிற நடையே மாறிவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், அதில் பொய்யில்லை.

அய்யப்பன் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்தது. ஒருநாள் சாயங்காலம் கிதாரைத் தோளில் மாட்டும் பட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாமென்று போனேன். படி ஏறும்போதே சுமலதா கேட்பது காதில் விழுந்தது, அவ்வளவு கனமான கிதாரை அங்கே எப்படி அக்கா எடுத்துப்போவாய் என்று. ஜெர்லின் சொன்னாள்:

"அத எவ தூக்கிட்டுப் போவா? வெயிட்டுல தோளே போவுது. ரிச்சர்டு கிட்ட புதுசா ஒண்ணு வாங்கியாரச் சொல்லிட்டேன். இதெல்லாம் எங்க வூட்டுக்காரரு மனசு நோவக் கூடாதுன்னு வாசிக்கிறதுதான்."

ரிச்சர்ட் அவள் தம்பி, பாரிசில் இருக்கிறான். சுமலதா சிரித்தாள். ஜெர்லினும் சிரித்தாள்.

பட்டையைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். கடற்கரைப் பக்கம் நடந்தேன். வலைகளைக் கருங்கல் மேல் காயப்போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சமாக இருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்த ஒவ்வொரு உள்ளங்கை அகலமும் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமும் அவள் அதை வாசித்தது, அழுகிற குழந்தையின் கையில் பொம்மையை விட்டுவைப்பது போலத்தான் என்றால், பின்வரிசையில் நின்று பெருமைப்பட்ட நான் யார்? கட்டிய மனைவி ஊரார் முன்னால் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். அது துரோகம். வேறு ஆணோடு பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆனாலும் அவளுக்கு வாய்ப்பு கொடுத்தேன். தோள் வலிக்கிறதா, அகலமான பட்டை தைத்துத் தரட்டுமா என்று நானாகவே கேட்டேன். "இல்லீங்க, பழகிடுச்சி" என்றாள். புதுசு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டேன். இது இருக்கும்போது எதற்கு என்றாள், என் முகத்தைப் பார்த்து. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னதும் ஓமம் போட்டு வெந்நீர் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, கிதாரைத் துடைத்து முடித்ததும், தந்திகளைத் தாங்கும் பாலத்தின் இரண்டு திருகாணிகளையும், தந்தி மேலே எழும்படி, கொஞ்சம் திருப்பினேன். கொஞ்சம் என்றால் கடிகார முள் மூன்று நிமிஷம் நகர்கிற அளவு. தந்திக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால், வாசிப்பவர் விரலை வைத்தால் போதும். இடைவெளி கூடக்கூட விரலை அழுத்த வேண்டியிருக்கும். என் யோசனை மிகச் சாதாரணமானது. கஷ்டமாக இருக்கிறது என்று அவள் என்னிடம் வந்து சொல்வாள். அந்தப் பேச்சில் புதுக் கிதார் விஷயமும் வெளியே வரும். நான் சிரித்துக்கொண்டே, போய்வா, புதுசையே எடுத்துப்போ என்று சொல்லியிருப்பேன். அவள் வாயிலிருந்து ஒரு உண்மை வந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

அவள் சொல்லவில்லை. கஷ்டமாக இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டாமா? அதனால் அதற்கடுத்த ஞாயிறும் திருப்பினேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்வது அம்மிக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கு ஞாயிறு உயர்ந்த தந்தியை அவள் விரல் தேடித் தேடிப் பழகிக்கொண்டது. பிறகு கொஞ்சம் தடித்த தந்திகளைப் போட்டேன், சத்தம் கனமாக வரும், வெளிநாட்டு மேடைக்கு நல்லது என்றேன். உண்மையிலேயே சத்தம் கனமாகத்தான் வந்தது. ஒருமுறை மட்டும், "என்னாங்க, கம்பி கொஞ்சம் தூக்கலா இருக்குதோ?" என்றாள். மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம். குளியலறைக் கதவைக் காட்டினேன். ஆமாமில்ல என்று போய்விட்டாள். புதுக் கிதாரைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

விழா நெருங்க நெருங்க அவள் கூடுதலாக வாசித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தால் விளக்கேற்றுகிற வரை எழுந்திருக்க மாட்டாள். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் அவளுக்கு வலித்தன என்பதை வாசனையால்தான் தெரிந்துகொண்டேன். தலையணைக்கு அடியில் தைல பாட்டில். அதையும் என்னிடம் மறைத்தாள் பாருங்கள். கிதாரால் வலிக்கிறது என்று தெரிந்தால் நான் வருத்தப்படுவேனாம், பிற்பாடு சொன்னாள். மறுபடியும் அதே இரக்கம். அந்த இரக்கத்தை மட்டும் அவள் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதன் பிறகு நானே தைலம் தேய்த்துவிட ஆரம்பித்தேன். விரல் விரலாக, நிதானமாகத் தேய்ப்பேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் நான்தான் அழைத்துப்போனேன். விரல் நரம்பைச் சுற்றிய உறை வீங்கியிருக்கிறது, சில மாதம் கிதாரைத் தொடவே கூடாது, தொட்டால் கை போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நல்ல டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெர்லின் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டாள். உன் கை, உன் இஷ்டம் என்றேன். சும்மா விட்டால் விரல் மரத்துப்போகும் என்றும் சிலர் சொல்கிறார்கள் என்றேன். சிலர் அப்படிச் சொல்லத்தான் செய்கிறார்கள்.

அவள் விடாமல் வாசித்தாள்.

விழாவுக்கு முன்னால் ரிச்சர்ட் வந்தான். அவன் வரப்போகிற நாள் காலையில், ஜெர்லின் பள்ளிக்கூடம் போனதும், நான் கடைக்குப் போகவில்லை. பழைய மெல்லிய தந்திகளையே மறுபடி பூட்டினேன். திருகாணிகளை ஆரம்பத்தில் இருந்த இடத்துக்கு, அதைவிடவும் கீழே, இறக்கினேன். கிதார் அவ்வளவு நன்றாக அமைந்தது அதற்கு முன்னால் ஒருமுறையும் இல்லை. வேலையை ரசித்துச் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ரிச்சர்டுக்கு வாசிக்கத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து, அக்கா சொல்கிற கஷ்டம் என்னவென்று பார்க்கலாம் என்று சிவப்புக் கிதாரை மடியில் எடுத்துக்கொண்டான். வாசித்ததும் அவன் புருவம் உயர்ந்தது.

"மாமா, வெண்ண மாதிரி வெச்சிருக்கீங்க. இதுலயாக்கா ஒனக்குக் கஷ்டமா இருக்குது?"

ஜெர்லின் கிதாரை வாங்கினாள். விரல் நுனிகள் மரத்துப்போயிருந்ததால் தந்தி இறங்கியிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. முதலில் கற்றுக்கொள்கிற சாதாரணப் பிடி ஒன்றைப் பிடித்தாள். மோதிர விரல் போய் உட்கார்ந்தது, சுண்டு விரல் பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு முறை பிடித்தாள். கம்பி கடகடத்ததே தவிர சுரம் வரவில்லை. ரிச்சர்ட் அவசரமாகத் தான் கொண்டுவந்த புதுக் கிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்தான். வெள்ளையாக, சப்பையாக, பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஒன்று. அதிலும் வரவில்லை. அவள் கிதாரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் திருடிய வேலைக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

எனக்கு அப்போது பாவமாக இருந்தது. அவள் இரக்கப்பட்டது போல நானும் இரக்கப்பட்டேன். அது அவ்வளவு மோசமான உணர்ச்சி இல்லை என்று தெரிந்தது.

ரெயூனியோனுக்கு அவள் இடத்தில் வேறு ஒருவர் போனார். சுமலதா அங்கிருந்து படங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஜெர்லின் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள், வலது கட்டை விரலால். பிறகு ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் தன்னால் முடிந்ததைச் செய்தார், ஆனால் காலம் கடந்துவிட்டது. இரண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. இனிமேல் நிமிராது.

இப்போது ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன். தலை பின்னிவிடுகிறேன், மீன் ஆய்கிறேன், காய் நறுக்குகிறேன். பின்னல் முதலில் கோணலாக வந்தது, செம்புக் கம்பி சுற்றிய கைக்கு அது ஒரு வேலையா, சீக்கிரம் பழகிவிட்டேன். கோயிலுக்குப் போனால், ஜோசப் மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் அவளிடம் சொல்கிறார்கள். ஆமாம் என்கிறாள். கிதார் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஞாயிறு மதியம் எடுத்துத் துடைக்கிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் அவள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள். அன்றும் ஞாயிறுதான். கிதார் என் மடியில் இருந்தது. முக்காட்டைக்கூட எடுக்காமல் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். ஃபாதர் கிட்ட சொல்லிட்டேன், உங்க கிட்ட சொல்லாம இருக்க முடியல. அன்னிக்கு அய்யப்பன் வூட்டு மாடியில, இந்தக் கிதார உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் வாசிக்கிறேன்னு சுமலதாகிட்ட சொன்னேன். அந்த வார்த்தைக்குத்தான் ஆண்டவரு கையப் புடுங்கிக்கிட்டாரு."

பிறகு விவரமாகச் சொன்னாள். புதுக் கிதார் கேட்டது இதைக் காப்பாற்றத்தானாம். விமானத்தில் போட்டு உடைப்பார்கள், தீவில் மழை கொட்டும், நீங்கள் துடைத்துத் துடைத்து எடுத்த சிவப்பு போய்விடும் என்று பயந்தாளாம். புருஷன் செய்ததைப் பொத்தி வைக்கிறேன் என்று சொன்னால் சுமலதா கிண்டல் செய்வாளென்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாளாம். புதுசு வந்ததும் காட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னிடமும் மறைத்தாளாம். இருக்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதை அவள் முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும் என்றுதானே நான் ஞாயிற்றுக்கு ஞாயிறு காத்திருந்தேன்.

"என்ன மன்னிச்சிருவீங்களா?" என்று கேட்டு இடது கையை நீட்டினாள். மடங்கிய இரண்டு விரலும் என் பக்கம் இருந்தன. அந்தக் கையைக் கெடுத்தது மழையில்லை, கடல் காற்றில்லை, ஆண்டவரும் இல்லை. அதைக் கெடுத்தவன் நான், அதற்கான சாவி அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது. கிதாரை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.